சொந்த பைக்கில் நேபாளம் போகலாமா, 150 சிசி தாங்குமா?

தாராளமாகத் தாங்கும். பல்சர் 150-இல் நேபாள மலையில் இருக்கிற முக்திநாத் கோயில் வரை போய்வந்தவன் சொல்கிறேன். கேள்வியைப் பார்த்தால் வீட்டில் ஒரு பழைய வண்டி நிற்கிறது, 400 சிசி இல்லாமல் இமயமலைப் பக்கம் போகாதே என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. என்னையும் அப்படித்தான் பயமுறுத்தினார்கள். எஞ்சினைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்களே தவிர, இன்சூரன்ஸ் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதில் போனது 9,400 ரூபாய்.

நான் போனது 2022 நவம்பரில். முக்திநாத் தீர்த்தம் வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்ற தலம் அதுதான் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. (இல்லை, தாமோதர குண்டம்தான் என்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.) கோரக்பூர் வரை பைக்கை ரயிலில் பார்சல் போட்டேன். "அப்போ நீ முழுசா ஓட்டவே இல்லையே" என்று கமெண்டில் வரப்போகிறவர்களே, எனக்குக் கிடைத்தது 14 நாள் லீவு. அதில் பாதியை நாற்கரச் சாலையில் கழிக்க எனக்கு மனசில்லை.

சுனௌலி எல்லையைத் தாண்டியதும் பேலஹியா. அங்கே பன்சார் போட வேண்டும், அதாவது வண்டிக்கான சுங்கச் சீட்டு. ஆர்சியும் லைசென்ஸும் காட்டி, எத்தனை நாளோ அத்தனைக்குப் பணம் கட்ட வேண்டும். இந்திய வண்டிக்கு வருஷத்தில் 30 நாள்தான் உச்சம். கணக்குக்கு மேல் ரெண்டு நாள் சேர்த்தே போடுங்கள். மலையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் நாள் தாண்டிவிடும், திரும்பி வரும்போது அபராதம். நமக்கு விசா தேவையில்லை. அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

பொக்காரா வரை பெரிதாக ஒன்றும் இல்லை. பேனி தாண்டினதும்தான் ஆட்டம். முக்திநாத் போகிற வழியில் இருக்கிற ஜோம்சோமுக்கு அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர், எனக்கு ஒரு முழுப்பகல் ஆனது. டயர் புதைகிற பொடிமண், குறுக்கே ஓடைகள், எதிரே ஹாரன் அடித்துக்கொண்டே வருகிற பஸ். முதல் கியர், இரண்டாவது கியர், அதற்கு மேல் போகவே இல்லை. இதில் 400 சிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்?

காற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் தௌளகிரி, இன்னொரு பக்கம் அன்னபூர்ணா, நடுவில் காளி கண்டகி ஆறு. வெயில் ஏற ஏற மேலே திபெத் பக்கத்து மேட்டுநிலம் சூடாகி, கீழேயிருந்து காற்றை இந்த இடுக்கு வழியாக உறிஞ்சும். முற்பகலில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. ஜோம்சோமுக்கு விமானங்கள் காலையில் மட்டும் வந்துபோவது இதனால்தான். போகும்போது காற்று முதுகில் இருந்ததால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. முக்திநாத்தில் 108 தாரையிலும் நனைந்து, நடுங்கி, பாட்டிலில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கு இறங்கினேன் பாருங்கள், அப்போது முகத்தில் அறைந்தது.

ஜோம்சோமைத் தாண்டி மார்பா என்ற கிராமத்துக்கிட்ட கண்ணில் மண் விழுந்து, ஓரம் கட்டி சைடு ஸ்டாண்ட் போட்டேன். ஆற்று வண்டல், ஸ்டாண்ட் மெதுவாக இறங்கியிருக்கிறது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வீச்சு வந்தது, வண்டி சாய்ந்துவிட்டது. ஹெட்லைட் போச்சு, டேங்கில் சொட்டை, ஹேண்டில் வளைந்துவிட்டது, கிளட்ச் லீவரில் இரண்டு விரல் பிடிக்கிற அளவுக்கு ஒரு துண்டுதான் மிச்சம். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக்கல் வைத்திருந்தால் போதும். அதே காற்று இப்போது முதுகைத் தள்ள, ஜோம்சோமுக்கே திரும்பினேன். அங்கே பல்சர் ஓட்டும் ஒரு தாய் (நேபாளியில் அண்ணன், அம்மா இல்லை) தன் பழைய லீவரை மாட்டிவிட்டு 300 நேபாள ரூபாய் வாங்கிக்கொண்டார். நம்ம காசுக்கு 190 கூட வராது. உங்களுடைய 400 சிசிக்கு அந்த ஊரில் லீவர் கிடைக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு வந்து மிச்ச வேலைக்கு 9,400 பில். கிளெய்ம் பண்ணலாம் என்று ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

"எங்க சார் விழுந்தீங்க?"

"நேபாளத்துல."

"அப்ப வராது சார்."

நம் வாகன பாலிசி இந்திய எல்லையோடு முடிகிறது. நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை மாதிரி நாடுகளுக்கு 'ஜியாகிராஃபிகல் ஏரியா எக்ஸ்டென்ஷன்' என்று கிளம்புவதற்கு முன்பே கூடுதல் பிரீமியம் கட்டி வாங்க வேண்டும். ஹெல்மெட்டுக்குக் கூட கவர் இருக்கிறது சார் என்று விற்ற மனிதர் இதைச் சொல்லவில்லை. கோரக்பூரில் விழுந்தேன் என்று சொல்லியிருக்கலாமே என்றான் நண்பன். சொல்லியிருக்கலாம்தான், தீர்த்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாய் வரவில்லை. பணம்கூடப் பரவாயில்லை. அந்த ரோட்டில் ஒரு ஆள் மேல் இடித்திருந்தால் என் கதி என்ன என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

இதெல்லாம் போதாதென்று எங்கள் அபார்ட்மென்ட் செயலாளர். பார்க்கிங்கில் பைக் கழுவக் கூடாதாம், தண்ணீர் வீணாம். அவருடைய கார் மட்டும் தினமும் காலையில் வாட்ச்மேன் கையால் குளிக்கிறது. சரி, கழுவவில்லை என்று விட்டால், வண்டியிலிருந்து மண் உதிர்ந்து தரை பாழாகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டார். வெளியே கொண்டுபோய் வாட்டர் சர்வீஸ் விடலாம் என்றால் அம்மா விடமாட்டேன் என்கிறார். மட்கார்டுக்கு அடியில் இருப்பது கண்டகி மண்ணாம், சாக்கடையில் விடக் கூடாதாம். இன்னும் அப்படியேதான் நிற்கிறது வண்டி.