உலைக்குத் திரும்பினால் நட்டமில்லையா?

கேள்வி: கோவையில் பம்பு பாகங்களுக்கு வார்ப்படம் செய்யும் சிறிய ஃபவுண்டரி நடத்துகிறேன். வாடிக்கையாளர் நிறுவனம் ‘தரச் செலவு அறிக்கை’ கேட்கிறது; அதாவது, தரத்தைக் காக்கவும் குறையுள்ள காய்களாலும் ஆகும் செலவின் கணக்கு. குறையென்று கழித்த வார்ப்படத்தை மீண்டும் உருக்கிவிடுவதால் நட்டமே இல்லை என்கிறார் கணக்காளர். ஆலோசகர் ஒருவரோ ஐ.எஸ்.ஓ. சான்றிதழோடு அறிக்கையையும் சேர்த்தே தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கணக்காளர் சொல்வது தவறு. உலைக்குத் திரும்புவது இரும்பு மட்டுமே. மின்சாரம், அச்சு மண், கோர் (வார்ப்படத்தின் உட்குழிவுக்காக வைக்கும் மண் அச்சு), கூலி எல்லாம் போனது போனதுதான். ஒரு டன் இரும்பை உருக்க இன்டக்‌ஷன் உலைக்குச் சுமார் 600 யூனிட் மின்சாரம் வேண்டும். கழித்த காய்க்கு (வார்ப்படத் துண்டுக்கு) அந்தக் கட்டணத்தை இரண்டு முறை கட்டுகிறீர்கள். உதாரணத்துக்கு, ஒரு கேசிங்குக்கு (பம்பின் வெளிக்கூட்டுக்கு) உலோகம் நீங்கலாக 350 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். ஃபவுண்டரியிலேயே குறை தெரிந்தால் நட்டம் 350. லேத்தில் கடையும்போது ப்ளோஹோல் (உள்ளே வாயு அடைத்து உண்டான துளை) வெளிப்பட்டால், கடைசல் கூலி 150 சேர்ந்து 500. வாடிக்கையாளரிடம் போய்த் தெரிந்தால் லாரி வாடகை, டெபிட் நோட் (உங்களுக்குத் தரவேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளும் சீட்டு), மாற்றுக் காய்க்கான ஓவர்டைம் என்று ஆயிரத்தைத் தாண்டிவிடும். இவை கூலி, வாடகை, விற்பனைத் திருப்பம் என்று வெவ்வேறு தலைப்புகளில் ஒளிந்துகொள்வதால் லாப நட்டக் கணக்கில் கண்ணில் படுவதே இல்லை.

அறிக்கையில் செலவை எந்தெந்தப் பிரிவில் எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1950-களில் அமெரிக்கத் தரக் கட்டுப்பாட்டு நிபுணர் ஆர்மண்ட் ஃபைகன்பாம் வகுத்த தடுப்பு, சோதனை, தோல்வி ஆகியவையே அடிப்படை. தோல்வியை மட்டும் ஆலைக்கு உள்ளே, வெளியே என்று இரண்டாகப் பிரியுங்கள். முதல் மூன்று மாதம் தோல்வியை மட்டும் எழுதினாலே போதும்.

ரன்னர் (உருகிய இரும்பு அச்சுக்குள் ஓடும் வழியில் உறைவது), ரைசர் (உறையும்போது சுருங்குவதை ஈடுகட்ட வைக்கும் கூடுதல் இரும்பு) விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். நல்ல காயிலிருந்து வெட்டியெடுக்கும் ரன்னரும் ரைசரும் தோல்வி அல்ல. வார்ப்பு முறைக்கே அவை தேவை. அவற்றைத் தரச் செலவில் சேர்க்காதீர்கள். ஆனால் காயே கழிந்துவிட்டால், அதற்காக உருக்கிய ரன்னர், ரைசரின் செலவும் அந்தக் காயின் கணக்கில்தான் வர வேண்டும். இதைக் குழப்பித் தொகையை ஊதிக் காட்டிவிட்டு, மறு வருடம் ‘பாதியாகக் குறைத்துவிட்டேன்’ என்று கட்டணம் கேட்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

உங்களிடம் வந்தவரையும் அனுப்பிவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. அது தனிச் சான்றளிப்பு நிறுவனங்களின் வேலை. தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலை இப்படியோர் அறிக்கையைக் கேட்பதும் இல்லை. வாகன உதிரிபாகத் துறைக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலைதான் நிர்வாக ஆய்வில் தரக்குறைவின் செலவைப் பார்க்கச் சொல்கிறது. பம்பு பாகம் செய்யும் உங்களுக்கு அது பொருந்தாது. சான்றிதழ் வாங்க மானியம் கிடைக்கிறது. கழிவைக் குறித்துவைக்க ஒரு ஆளைப் போட்டால் யாரும் காலணா தருவதில்லை. பிறகு சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதோடு தரம் நின்றுவிடுவதில் என்ன வியப்பு?

வாடிக்கையாளருக்கு அறிக்கை தரும்போது ரூபாய்க் கணக்கைக் கொடுத்துவிடாதீர்கள். காய்க்கு 350 என்று எழுதினால் அடுத்த விலைப் பேச்சில் அதே காகிதத்தை எடுத்து மேசையில் வைப்பார்கள். விற்பனையில் இத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதி, மாதவாரியாக அனுப்புங்கள்.