பதில்: ஆர்டிஎக்ஸ் 3060 மடிக்கணினியில் 87 டிகிரி, வோல்டேஜ் ஸ்லைடர் நகரவில்லை

வணக்கம் நண்பரே. உங்கள் மடிக்கணினியின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு 87 டிகிரி வரை சூடாகிறது, வோல்டேஜைக் குறைக்கப் பார்த்தால் ஸ்லைடர் நகரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மடிக்கணினிகளில் அந்த ஸ்லைடர் பெரும்பாலும் பூட்டியேதான் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். ஆஃப்டர்பர்னரை (கிராபிக்ஸ் கார்டின் வேகம், வோல்டேஜை மாற்றும் மென்பொருள்) திறந்து கன்ட்ரோல்+எஃப் அழுத்துங்கள். புள்ளி புள்ளியாக ஒரு வளைகோடு வரும்: கிடையில் வோல்டேஜ் (மில்லிவோல்ட்), செங்குத்தில் கடிகார வேகம், அதாவது கார்டு ஓடும் வேகம் (மெகாஹெர்ட்ஸ்).

இப்போது 900 மில்லிவோல்ட்டில் 1700 மெகாஹெர்ட்ஸ் ஓடுகிறது என்றீர்கள். 800-இல் உள்ள புள்ளியைப் பிடித்து 1600-க்கு ஏற்றுங்கள். பிறகு ஷிஃப்டை அழுத்தியபடி அதற்கு வலப்பக்கம் முழுவதையும் இழுத்துத் தேர்ந்தெடுத்து, 1600-க்குக் கீழே இறக்குங்கள். டிக் குறியை அழுத்தியதும் 800-க்கு மேல் கோடு தட்டையாகிவிடும். கார்டு அதைத் தாண்டி வோல்டேஜ் கேட்காது.

கடிகார வேகத்தை மட்டும் குறைத்தால் இவ்வளவு பலன் கிடைக்காது. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 900-இலிருந்து 800-க்கு வந்தாலே ஐந்தில் ஒரு பங்கு குறையும். நூறு மெகாஹெர்ட்ஸ் போனது விளையாட்டில் கண்ணுக்கே தெரியாது.

உங்கள் வழக்கமான கேமை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கேம் தானாக மூடிக்கொண்டாலோ திரை ஒரு நொடி கறுத்து மீண்டாலோ, அதே 1600-ஐ 825 மில்லிவோல்ட் புள்ளியில் வையுங்கள். பயப்பட வேண்டாம், வோல்டேஜ் குறைவதால் சிப் கெடாது. விண்டோஸ் தொடங்கும்போதே அமலாகும் வசதியை மட்டும் இரண்டு மூன்று நாள் நிலையாக ஓடிய பிறகே இயக்குங்கள்.