தேதி தாண்டினால் வலி வரவழைக்கலாமா? வாசகியர் கேள்விகள், மகப்பேறு மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. முதல் பிரசவம், 37 வாரம் முடிந்துவிட்டது. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. மாதவிடாய் எப்போதும் 35, 40 நாளுக்கு ஒருமுறைதான் வரும். என் ஃபைலில் மூன்று டியூ டேட் இருக்கிறது. கடைசி மாதவிடாய்க் கணக்கில் அக்டோபர் 4, மூன்றாம் மாத ஸ்கேனில் அக்டோபர் 12, போன வாரம் எடுத்த ஸ்கேனில் அக்டோபர் 20. அக்டோபர் 11 வரை வலி வராவிட்டால் அட்மிட் ஆகுங்கள், வலி வரவழைக்க ஜெல் வைத்துவிடலாம் என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். என் அக்காவுக்கு காலையில் ஜெல் வைத்தார்கள், சாயங்காலம் சிசேரியன் ஆகிவிட்டது. மாமியாரோ, "தேதி தாண்டி பன்னிரண்டு நாள் கழித்துத்தான் உன் புருஷனைப் பெற்றேன், தானாக வரட்டும்" என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: நல்லவேளை, 37 வாரத்திலேயே கேட்டீர்கள். தேதி தாண்டி, வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்த பிறகு இதை நிதானமாக யோசிக்க முடியாது.

ஜெல் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்னால் உங்கள் தேதி எது என்று முடிவாக வேண்டும். மூன்றில் ஒன்றுதான் சரி, அது அக்டோபர் 12. கடைசி மாதவிடாயிலிருந்து 280 நாள் என்ற கணக்கு, 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறவர்களை மனதில் வைத்துப் போட்டது. 35, 40 நாள் சுழற்சி என்றால் கருமுட்டை வெளிவருவதே தாமதமாகத்தான் நடக்கும், அதனால் மாதவிடாய்க் கணக்கு உங்கள் குழந்தைக்கு வயதைக் கூட்டிக் காட்டுகிறது. மூன்றாம் மாத ஸ்கேனில் குழந்தையைத் தலையிலிருந்து பிட்டம் வரை அளப்பார்கள். அந்தப் பருவத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் தவறு வந்தாலும் ஒரு வாரத்துக்குள் நின்றுவிடும். அதற்கும் மாதவிடாய்க் கணக்குக்கும் ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், உங்களுக்கு எட்டு நாள் இருக்கிறது. கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் குழந்தையின் பருமனைப் பார்த்து வாரம் சொல்கிறது, அது மூன்று வாரம் வரைகூட முன்பின் போகும். கொஞ்சம் சிறிய குழந்தை என்றால் தேதி தானாகத் தள்ளிப்போய்விடும். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒரு புதுத் தேதி அச்சாகி வருவதைப் பார்த்துக் குழம்பாத கர்ப்பிணியே இல்லை. முதல் மூன்று மாதத்தில் ஒருமுறை முடிவான தேதியை அப்புறம் மாற்றவே கூடாது.

இது ஏன் முக்கியம் என்று பாருங்கள். அக்டோபர் 11-ஆம் தேதி உங்கள் டாக்டர் கணக்கில் 41 வாரம், ஆனால் உண்மையில் அன்று 40 வாரமே முடிந்திருக்காது. மறுபக்கம், வீட்டில் யாராவது "கடைசி ஸ்கேனில் 20 என்றுதானே போட்டிருக்கிறது" என்று அதிலிருந்து ஒரு வாரம் காத்திருந்தால் அக்டோபர் 27 ஆகிவிடும், அது 42 வாரத்தையும் தாண்டிய நாள். முதல் தவறில் அவசரமில்லாத ஒரு வைத்தியம் நடக்கும். இரண்டாவது தவறில் குழந்தைக்கே ஆபத்து வரலாம். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது மூன்றாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "டாக்டர், எந்தத் தேதியை வைத்துக் கணக்குப் பண்ணுகிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். இதற்குக் கோபப்படும் மருத்துவர் குறைவு. அவசரத்தில் ஃபைலின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, அக்டோபர் 12 என்று முடிவானால் அப்புறம் எவ்வளவு நாள் பொறுக்கலாம்? சரியாக டியூ டேட் அன்றே பிறக்கும் குழந்தைகள் நூற்றில் நான்கைந்துதான், எனவே அந்த நாள் கடந்ததும் பதற வேண்டியதில்லை. தாய்க்கும் குழந்தைக்கும் எந்தச் சிக்கலும் இல்லை என்றால் 41 வாரம் வரை, அதாவது உங்களுக்கு அக்டோபர் 19 வரை, கவனத்தோடு காத்திருக்கலாம். 41 வாரம் நிச்சயமாக ஆகிவிட்டால் வலி வரவழைப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. என் கருத்தும் அதுதான், இதில் நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை.

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. தேதி தாண்டிப் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை நன்றாகத்தான் பிறக்கின்றன. ஆனால் அவர் காலத்தில் எத்தனை பேருக்கு மூன்றாம் மாத ஸ்கேன் எடுத்தார்கள்? அந்தப் பன்னிரண்டு நாள் உண்மையிலேயே பன்னிரண்டு நாள்தானா என்பது யாருக்கும் தெரியாது. நல்லபடியாகப் பெற்றவர்கள் அந்தக் கதையைச் சொல்வார்கள், குழந்தையை இழந்தவர்கள் வளைகாப்பு வீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்வதில்லை. வாரம் கூடக்கூட நஞ்சுக்கொடியின் திறன் குறையலாம், பனிக்குட நீர் வற்றலாம், குழந்தை உள்ளேயே மலம் கழித்து அதை மூச்சோடு இழுத்துக்கொள்ளலாம். மிகச் சில குழந்தைகள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோகின்றன. ஸ்வீடனில் 41 வாரத்தில் வலி வரவழைப்பதையும் 42 வரை காத்திருப்பதையும் 2,760 பெண்களிடம் ஒப்பிட்டார்கள். காத்திருந்தவர்களில் ஆறு குழந்தைகள் இறந்தன, மற்ற குழுவில் ஒன்றுகூட இறக்கவில்லை. அதனால் அந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், முடிவு 2019-இல் வெளியானது. மறு ஆண்டு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வலி வரவழைத்தவர்கள் பக்கம் 4 குழந்தைகளும் காத்திருந்தவர்கள் பக்கம் 25 குழந்தைகளும் இறந்திருந்தன. 544 பேருக்கு வலி வரவழைத்தால் ஒரு குழந்தையைக் காப்பாற்றலாம் என்பது அவர்கள் கணக்கு. மீதி 543 பேருக்குக் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, உண்மைதான். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்மிடம் வழி இல்லை. ஸ்கேன், குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் என்எஸ்டி எல்லாம் அன்றைய நிலையைச் சொல்லும், அடுத்த நான்கு நாளுக்கு உத்தரவாதம் தராது.

இப்போது உங்கள் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பயம் அதில்தான் இருக்கிறது, அது நியாயமான பயம். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். இதைப் பார்த்த பிறகு யாரும் சந்தேகப்படத்தான் செய்வார்கள். ஆனால் ஜெல் வைத்தாலே சிசேரியன்தான் என்பது சரியில்லை. அந்த 34 ஆய்வுகளில் வலி வரவழைத்தவர்களுக்குச் சிசேரியன் சற்றுக் குறைவாகத்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் முதல் பிரசவக்காரர்களுக்கு 39 வாரத்திலேயே வலி வரவழைத்துப் பார்த்த பெரிய ஆய்விலும் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களிடம் 22.2.

அப்படியென்றால் அக்காவுக்கு ஏன் அப்படி ஆனது? குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்ததா, நீர் பச்சையாக வந்ததா என்பது தெரியாமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, அவற்றில் ஏதாவது இருந்திருந்தால் சாயங்காலம் வரை காத்திருந்ததே அதிகம். ஆனால் காரணம் "ஜெல் வைத்தும் வலி வரவில்லை" என்பது மட்டும்தான் என்றால், அது போதுமான காரணம் இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. முதல் பிரசவத்தில், கர்ப்பப்பை வாய் இறுக்கமாக மூடியிருக்கும்போது தொடங்கினால், அது மிருதுவாகித் திறப்பதற்கே ஒரு நாள் முழுக்க ஆகலாம், இரண்டு நாள்கூட ஆகலாம். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு சுருங்கியிருக்கிறது, மிருதுவா கெட்டியா, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உள் பரிசோதனையில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பிஷப் ஸ்கோர் என்று பெயர். ஆறு, அதற்குக் கீழே என்றால் வாய் இன்னும் தயாராகவில்லை என்று பொருள். அப்போது நேராக வலிக்கான டிரிப்ஸ் ஏற்றுவதில் பயனில்லை. முதலில் ஜெல், அல்லது மிகக் குறைந்த அளவு மிசோபிரோஸ்டால் மாத்திரை, அல்லது சிறுநீர் டியூபின் பலூனைக் கர்ப்பப்பை வாய்க்குள் வைத்து நீர் நிரப்பி மெல்லத் திறக்கவைக்கும் முறை. ஜெல் என்றால் ஆறு மணி நேரம் விட்டுத்தான் மறுபடி வைப்பார்கள். வாய் இளகிய பிறகு பனிக்குடத்தை உடைத்து ஆக்சிடோசின் டிரிப்ஸ். அதன் பிறகும் தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் பார்த்த பின்தான் வலி வரவழைக்கும் முயற்சி தோற்றது என்று சொல்ல வேண்டும். காலையில் ஆரம்பித்து சாயங்காலத்துக்குள் இத்தனையும் எப்படி முடியும்?

ஆகவே உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: என் பிஷப் ஸ்கோர் என்ன, எதைக் கொண்டு ஆரம்பிக்கப்போகிறீர்கள், எவ்வளவு நேரம் பொறுப்பீர்கள், இரவிலும் டாக்டரும் மயக்க மருந்து நிபுணரும் இருப்பார்களா. கணவரையும் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள். "வந்து சேருங்கள், பார்த்துக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால் வேறொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்க உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தப் பொறுமை பல நேரம் அதிகமாகவே கிடைக்கும், அங்கே போகத் தயங்காதீர்கள்.

மருந்து கொடுத்து வரும் வலி பலருக்கு வேகமாக, அடுத்தடுத்து வரும். தானாக வரும் வலி மெல்ல மெல்லக் கூடும், இதில் அந்த அவகாசம் குறைவு. எபிடியூரல், அதாவது முதுகில் மருந்து செலுத்தி வலியைக் குறைக்கும் வசதி, இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள், வலி தாங்க முடியாமல் அதைக் கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து கவனிப்பார்கள் என்பதால் படுக்கையிலேயே இருக்கச் சொல்லலாம், பக்கவாட்டில் படுப்பதற்கும் எழுந்து உட்காருவதற்கும் பெரும்பாலும் தடையிருக்காது.

காத்திருக்கும் நாட்களில் குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, நீர் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, கடும் தலைவலி, கண் மங்கல் வந்தாலோ தேதியைப் பார்க்காமல் உடனே கிளம்புங்கள். காலை வரை பார்ப்போம் என்று சொல்லும் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு 40 வாரம் ஆகிறது. விளக்கெண்ணெய் கொடுத்தால் வலி வரும் என்கிறார்கள். அமாவாசைக்கு முன் பிறந்தால் நல்லது என்று ஜோசியரும் சொல்லியிருக்கிறார். கொடுக்கலாமா?
ஒரு தாய், கரூர்

பதில்: வேண்டாம் அம்மா. விளக்கெண்ணெய் குடித்தால் முதலில் வருவது வயிற்றுப்போக்கும் வாந்தியும்தான். பிரசவத்துக்குத் தெம்பு வேண்டிய நேரத்தில் பிள்ளை துவண்டுபோய்விடுவாள். சீரகத் தண்ணீர், நடை எல்லாம் தாராளமாக இருக்கட்டும், அவற்றால் கெடுதல் இல்லை.

மருந்தில்லாமல் ஏதாவது செய்ய முடியுமா என்றால் ஒன்று இருக்கிறது. உள் பரிசோதனையின்போதே டாக்டர் விரலால் பனிக்குடச் சவ்வைக் கர்ப்பப்பை வாயிலிருந்து மெல்ல விலக்கிவிடுவார். ஜெல் தேவைப்படுவதை இது ஓரளவு குறைக்கிறது. வலிக்கும், லேசாக ரத்தக்கறை படலாம். மகளிடம் சொல்லி, அவள் சம்மதித்த பிறகுதான் செய்ய வேண்டும்.

நாள் பார்ப்பதைப் பற்றி: உங்கள் நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கர்ப்பப்பை வாய் இளகாத ஒரு பெண்ணுக்கு நட்சத்திரத்துக்காக வலி வரவழைத்து, நேரத்துக்குள் முடியவில்லை என்று கத்தி வைப்பதில் உடம்பு படுவது உங்கள் மகள்தான். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டீர்களா?

கேள்வி: மனைவிக்கு முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவது சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். தேதி நெருங்கியும் வலி இல்லை. ஜெல் வைக்கலாமா?
கணவர், திருப்பூர்

பதில்: மேலே திண்டுக்கல் வாசகிக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. பழைய தையல் இருக்கும் கர்ப்பப்பையில் வலி தானாக வந்தாலே தையல் பிரியும் ஆபத்து சிறிதளவு உண்டு, மருந்து கொடுத்தால் அது கூடும். மிசோபிரோஸ்டால் மாத்திரை கூடவே கூடாது. முதல் சிசேரியன் ஏன் செய்தார்கள், கர்ப்பப்பையை எந்தத் திசையில் கீறினார்கள் என்ற விவரம் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், அதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். கர்ப்பப்பை வாய் ஓரளவு திறந்திருந்தால் பலூன் முறையையோ கவனமாக ஏற்றும் டிரிப்ஸையோ சில மருத்துவர்கள் யோசிப்பார்கள், அதுவும் அறுவை அரங்கும் ரத்தமும் நிபுணர்களும் எந்நேரமும் தயாராக இருக்கும் இடத்தில் மட்டும். உங்கள் ஊர் மருத்துவமனையில் அது இல்லையென்றால் இந்த வாரமே பெரிய மருத்துவமனையில் காட்டிவிடுங்கள், தேதி தாண்டும் வரை விடாதீர்கள்.