பாதி விலையில் ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்மார்ட் டிவி ஃபுல் எச்.டி. வகையைச் சேர்ந்தது, வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. படம் இன்றும் தெளிவாகவே தெரிகிறது. ஆனால், அதிலுள்ள ஓ.டி.டி. செயலிகள் ஒவ்வொன்றாக வேலை செய்ய மறுக்கின்றன. பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் 4கே ஸ்ட்ரீமிங் பெட்டி (டிவியில் இணைத்து ஓ.டி.டி. பார்க்க உதவும் கருவி) இப்போது பாதி விலைக்குக் கிடைக்கிறது. 4கே தெரியாத டிவிக்கு அதை வாங்குவது வீண்செலவா?

பதில்: வீண்செலவு அல்ல. ஆனால், அந்தப் பெட்டி எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில் 4கே பற்றி. உங்கள் திரையில் இருப்பவை 1920 x 1080 புள்ளிகள்தான். எந்தப் பெட்டியை இணைத்தாலும் அதற்கு மேல் ஒரு புள்ளிகூட அதிகமாகாது. ஆனாலும், ஒரே நிறுவனத்தின் மலிவான ஃபுல் எச்.டி. மாடலைவிட 4கே மாடலில் பெரும்பாலும் வேகமான பிராசஸரும் கூடுதல் ரேமும் இருக்கும். 1 ஜி.பி. ரேம் உள்ள பெட்டிகள் புதிதில் சுறுசுறுப்பாக இயங்கினாலும், செயலிகள் பெருத்துக்கொண்டே போவதால், சில ஆண்டுகளில் ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. ஆகவே நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் படத்துக்காக அல்ல, வேகத்துக்காக என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தள்ளுபடி. அடித்துக் காட்டும் பழைய விலையோடு ஒப்பிடாமல், கடந்த சில மாதங்களில் அது உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று பாருங்கள். பல நேரங்களில் புதிய மாடல் வந்துவிட்டதாலோ வரப்போவதாலோதான் பழைய இருப்பைத் தள்ளிவிடுகிறார்கள். அதனால் மட்டும் அது மோசமான பொருளாகிவிடாது. ஆனால் பெட்டியின் ஆயுள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அது வெளிவந்த நாளிலிருந்தே குறையத் தொடங்குகிறது. 2013-இல் வெளிவந்த கூகுளின் முதல் ஸ்ட்ரீமிங் கருவியான குரோம்காஸ்டுக்கு 2023-இல் ஆதரவு நின்றது. பத்தாண்டு என்பது இந்தத் துறையில் நல்ல ஆயுள்தான். மாறாக, நெட்ஃபிளிக்ஸ் 2019 டிசம்பரில் ரோகு என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய ஸ்ட்ரீமிங் பெட்டிகள் சிலவற்றைக் கைவிட்டபோது, அந்தப் பெட்டிகளில் பழுது எதுவும் இருக்கவில்லை. 2025 மார்ச்சில் இன்னும் வேடிக்கை: 2015-ஆம் ஆண்டின் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்டுகள், அவற்றுக்குள் இருந்த டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் ஒரே நேரத்தில் முடங்கிப்போயின, கூகுள் மென்பொருளைத் திருத்தி அனுப்பிய பிறகே உயிர்பெற்றன. பெட்டி நம் வீட்டில் இருந்தாலும் அதன் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. எனவே, வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகாமல் இருந்தால் வாங்குங்கள்; நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தால், பாதி விலை என்றாலும் நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

விவரப் பட்டியலில் இரண்டு சொற்களைத் தேடுங்கள். ஒன்று, ஆண்ட்ராய்டு வகைப் பெட்டியானால் 'வைட்வைன் எல்1' (Widevine L1): படங்களைத் திருட்டுத்தனமாக நகலெடுக்க விடாமல் காக்கும் பூட்டின் உயர்ந்த நிலை. இந்தப் பாதுகாப்பு நிலை இல்லாத கருவிகளுக்குப் பல ஓ.டி.டி. நிறுவனங்கள் 480பி என்ற குறைந்த தரத்துக்கு மேல் படம் அனுப்புவதில்லை. மற்றொன்று 'ஏவி1' (AV1). 2018-இல் வந்த இந்த வீடியோ சுருக்க முறையை யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் பயன்படுத்துகின்றன என்பதால், அதை வன்பொருளிலேயே கையாளும் பெட்டி கூடுதல் காலம் தாங்கும்.

குறைகளும் உண்டு. முகப்புத் திரையில் விளம்பரங்கள் வரும். நீங்கள் பார்ப்பவை பற்றிய தகவல்கள் நிறுவனத்துக்குப் போகும். வீட்டில் இன்னொரு ரிமோட் சேரும். ஸ்டிக் வடிவத்தில் இருந்தால், மின்சாரத்தை டிவியின் யூ.எஸ்.பி. துளையிலிருந்து எடுக்காதீர்கள். பழைய டிவிகளில் அது பெரும்பாலும் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். அது போதாமல், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டிக் அணைந்து மறுபடி இயங்கத் தொடங்கும். கூடவே வரும் அடாப்டரை நேராக பிளக்கில் செருகுங்கள். டிவியின் முதுகுப்பக்கம் வைஃபை சரியாக எட்டாவிட்டால், சிறிய எச்.டி.எம்.ஐ. நீட்டிப்புக் கம்பி ஒன்று போதும்.

கேள்வி: இதைவிட மலிவாக, பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்றில் எல்லா ஓ.டி.டி.யும் இலவசம் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். இப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் தீநிரல் (மால்வேர்) விற்பனைக்கு முன்பே புகுந்துவிடுகிறது என்றும், வீட்டு இணைய இணைப்பைக் குற்றவாளிகள் தங்கள் வழித்தடமாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் 'பேட்பாக்ஸ் 2.0' என்ற தீநிரல் வலையமைப்பின் பெயரைக் குறிப்பிட்டே எச்சரித்தது. ஏற்கெனவே வாங்கியிருந்தால், இன்றே வைஃபையிலிருந்து துண்டித்துவிடுங்கள். அதில் உள்ளிட்ட கடவுச்சொற்களையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.