இடுப்பில் முக்கால் கிலோ: வாசகர் கேள்வி – பதில்

தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது பற்றி பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் தருகிறோம்.

பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கூலிப் பணத்தோடு ராத்திரியில் பைக்கில் வர வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை வழிமறித்தார்கள், எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, லைசென்ஸும் வந்துவிட்டது. சின்னதாக, வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள ரிவால்வர் நல்லதா, பிஸ்டலா?
– ஒரு வாசகர், பீன்யா

வெளியே தெரியாமல் வைப்பது உங்கள் விருப்பம் மட்டும் இல்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 32ஆவது விதியைப் பாருங்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கி என்றால் உடம்போடு மாட்டிய உறையிலோ அதற்கான பையிலோ இருக்க வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும். எப்போதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சட்டைக்கு மேலே தெரியும்படி மாட்டிக்கொண்டு போனால் திருடன் பயப்படுகிறானோ இல்லையோ, லைசென்ஸ் போய்விடும்.

இனி ஆயுதம். சாதாரண லைசென்ஸில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 32 போர்தான் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு). இதில் இரண்டு வகைத் தோட்டா உண்டு. ரிவால்வருக்கு 32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். பிஸ்டலுக்கு 32 ஏசிபி, அதாவது 7.65 மி.மீ. கடையில் இரண்டையும் '32' என்றே சொல்வார்கள். ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் போடக் கூடாது. பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் குழலில் வெட்டியிருப்பதையும் ஒத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

உங்களுக்கு ரிவால்வரே போதும் என்பது எங்கள் முடிவு. லைசென்ஸில் தோட்டாவுக்குக் கணக்கு உண்டு, விலையும் குறைவில்லை. வருஷத்துக்கு இருபது முப்பது சுட்டுப் பழகினாலே பெரிய விஷயம். அந்த அளவு பழக்கத்தில் பிஸ்டல் கையில் நிற்காது. தோட்டா வெடிக்காமல் சொதப்பினால் ரிவால்வரில் டிரிகரை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த தோட்டா இருக்கும் அறை வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை, அதாவது மேலே முன்பின் நகரும் பாகத்தை, இழுத்துத் தள்ள இரண்டாவது கை வேண்டும். நீங்களோ பைக்கில் வருகிறவர். பிஸ்டலுக்கு இருக்கும் பெரிய வசதி தட்டையான உடம்பு: ரிவால்வரின் சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) ஏறத்தாழ 35 மி.மீ. புடைக்கும், சின்ன பிஸ்டல் 25க்குள் அடங்கும்.

புதிதாக வாங்கினால் அரசுத் தொழிற்சாலை மாடல்கள் இருக்கின்றன. 2014இல் வந்த நிர்பீக் எடை சுமார் அரைக் கிலோ, டைட்டானியம் கலவை உடம்பு, ஆறு தோட்டா. 2023 ஆகஸ்டில் வந்த பிரபல் 700 கிராம், குழல் 76 மி.மீ., மொத்த நீளம் 177.6 மி.மீ. நிர்பீக் நடுவில் மடங்கித் திறக்கும். பிரபலில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். அடிக்கடி நிரப்பிக் காலி செய்பவருக்குப் பக்கவாட்டுச் சிலிண்டர் சௌகரியம். எடை குறைவு என்பதற்காக மட்டும் எதையும் எடுக்காதீர்கள். 32 போரின் உதை சின்னதுதான், ஆனால் இலகுவான உடம்பில் குழல் அதிகம் துள்ளும், இரண்டாவது குறி தாமதமாகும்.

கடையிலேயே பார்க்க வேண்டியது டிரிகர். சிலிண்டர் காலி என்று நீங்களே கண்ணால் பார்த்த பிறகு, கடைக்காரரிடம் கேட்டு டம்மி தோட்டா போட்டு, சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, துப்பாக்கியின் பின்பக்கம் உள்ள சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்காமல் டிரிகரை மட்டும் பத்து முறை இழுங்கள். இந்த வகை டிரிகர்கள் நான்கைந்து கிலோ இழுவை கேட்கும். ஆறாவது ஏழாவது முறையில் குழல் முனை வலதும் இடதுமாக ஆடத் தொடங்கினால், அது உங்கள் கைக்கு ஆகாத டிரிகர், அல்லது கையை முதலில் தயார் செய்ய வேண்டும். பிறகு சுத்தியலை மெதுவாக இழுத்து ஆறு அறையையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சுத்தியல் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஏதாவது ஓர் அறையில் விரலால் தள்ளிய பிறகுதான் பூட்டுகிறது என்றால் வேறு துப்பாக்கி கேளுங்கள். குழலும் அறையும் நேராக நிற்காதபோது சுட்டால் ஈயத் துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும்.

பட்டறைக்காரர் என்பதால் உங்களுக்கு இன்னொரு சோதனை எளிது. டாப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்துச் செல்லுங்கள். சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே 0.10 மி.மீ. தகடு நுழைய வேண்டும், 0.30 மி.மீ. நுழையக் கூடாது. இடைவெளி மிகக் குறைந்தால் நாலைந்து சுட்டதும் கரி படிந்து சிலிண்டர் சுற்ற மறுக்கும். மிக அதிகமானால் புகையும் சூடும் பக்கத்தில் பீறிடும்.

ஒரு தொல்லை எல்லா ரிவால்வருக்கும் பொது. காலித் தோட்டாவை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகடு இருக்கிறதே, அதன் அடியில் எரியாத மருந்துத் துகள் இரண்டு சிக்கினாலே போதும், சிலிண்டர் மூடாது, மூடினாலும் இறுகும். பக்கவாட்டுச் சிலிண்டரில் குழல் முனையை மேலே தூக்கிப் பிடித்துத் தள்ளினால் துகளும் காலித் தோட்டாவும் சேர்ந்து கீழே விழும். வீட்டுக்கு வந்ததும் பழைய டூத் பிரஷ்ஷால் தகட்டின் அடியைத் தேய்த்துவிடுங்கள்.

யூடியூபில் எல்லாரும் சிக் பி365, கிளாக் 43 என்கிறார்கள். இங்கே ஏன் யாரும் பேசுவதில்லை?
– ஒரு வாசகர், கோரமங்களா

நீங்கள் பார்த்த இரண்டும் 9 மி.மீ. அது இங்கே தடை செய்யப்பட்ட போர். சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது. அந்த வீடியோக்களில் உறை பற்றிச் சொல்வதைக் கேளுங்கள், பயன்படும். துப்பாக்கி பற்றிச் சொல்வதை விட்டுவிடுங்கள்.

தெரிந்தவர் தன்னுடைய பழைய வால்தர் பிபிகே 32 பிஸ்டலை விற்கிறார். பல லட்சம் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், சிக்பேட்டை

எண்பதுகளின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்ய வழி அடைபட்டுப்போனது. அதனால்தான் ஐம்பது வருஷப் பிஸ்டலுக்கு நிலத்து விலை சொல்கிறார்கள். அந்த விலையில் முக்கால்வாசி அரிதான பொருள் என்பதற்குத்தான். சுடும் திறனுக்கு அதில் பங்கு கொஞ்சம்.

வாங்குவதென்றால் முதலில் காகிதம். உடம்பில் வெட்டிய எண், விற்பவரின் லைசென்ஸில் உள்ள எண், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தேய்த்து மறுபடி வெட்டிய எண்ணாகத் தோன்றினால் தொடக்கூட வேண்டாம். கைமாற்றம் லைசென்ஸ் அதிகாரிக்குத் தெரிந்து, உங்கள் லைசென்ஸில் ஏறினால்தான் செல்லும். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினால் அது சட்டவிரோத ஆயுதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதும் நினைவிருக்கட்டும்.

இயந்திரத்தில் பார்க்க வேண்டியது மேகசின், அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி. அதன் மேல் உதடு இரண்டும் ஒரே அளவில் வளைந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய பிஸ்டல் மக்கர் செய்வதற்கு மேகசினும் தளர்ந்த ஸ்பிரிங்கும்தான் முதல் காரணம். இன்னொரு காரணம் தோட்டாவின் அமைப்பிலேயே இருக்கிறது. 32 ஏசிபியின் அடிவிளிம்பு உடம்பைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் இறங்கிவிட்டால் இரண்டும் கொக்கி போட்டதுபோல் மாட்டிக்கொள்ளும். ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் தீராது; மேகசினைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். நீளம் குறைந்த தோட்டாவில் இது அதிகம். நிரப்பும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் அடியில் இருப்பதற்கு முன்னால் உட்காருகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டும்.

இதைவிடப் பழைய 1903 கோல்ட், 1910 எஃப்.என். மாதிரிகள் கைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் கீழே விழுந்தால், தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசியைத் தனியாகப் பிடித்து நிறுத்தும் தடை அவற்றில் இல்லை. குழலின் பின்முனை அறையில் தோட்டாவோடு இடுப்பில் வைத்துத் திரியத் தக்கவை அல்ல.

பெல்ட்டில் மாட்டினால் சட்டை புடைத்துத் தெரிகிறது. பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், அல்சூர்

வெறும் பாக்கெட்டில் கூடாது. சாவியும் சில்லறையும் டிரிகர் வளையத்துக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்?

புடைப்புக்குக் காரணம் அநேகமாகத் துப்பாக்கி இல்லை, பெல்ட். ஆபீஸுக்குப் போடும் மெல்லிய பெல்ட் முக்கால் கிலோவைத் தாங்காமல் வெளிப்பக்கம் சாயும். கைப்பிடி உடம்பை விட்டு விலகிச் சட்டையைக் குத்தும். 35 முதல் 38 மி.மீ. அகலத்தில், இரண்டு தோலை ஒட்டித் தைத்த பெல்ட்டை சிவாஜிநகரில் தோல் தைப்பவரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். உறையை வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். பேண்டுக்கு உள்ளே போகும் உறை என்றால் இடுப்பளவு ஓர் அங்குலமாவது கூட்டித் தைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரத்தில் உறை மேஜை டிராயருக்குப் போய்விடும். சட்டை வெளியே விட்டதாக, கட்டமோ பூவோ போட்டதாக இருந்தால் புடைப்பு கண்ணில் படாது. ஒற்றை நிற வெளிர் சட்டை காட்டிக்கொடுக்கும். கீழே விழுந்ததை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள்.

உறையில் மூன்று விஷயம் பாருங்கள். டிரிகர் முழுக்க மூடியிருக்க வேண்டும். துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். பைக்கில் குலுங்கினாலும் கழலாமல் பட்டியோ இறுக்கமோ வேண்டும். 'எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்' என்று விற்கும் நைலான் உறையின் வாய் சப்பென்று ஒட்டிக்கொள்ளும். திரும்பச் செருகும்போது ஒரு கையால் அதைப் பிரித்துப் பிடிக்க வேண்டிவரும், குழல் அந்தக் கையைப் பார்த்தபடி இருக்கும். செருகும் நேரம்தான் ஆபத்தான நேரம். சட்டை நுனியோ ஜாக்கெட் கயிறோ உறைக்குள் போய் டிரிகரை அழுத்தும். அவசரமே வேண்டாம், பார்த்துச் செருகுங்கள்.

வியர்வை இன்னொரு எதிரி. தினமும் ராத்திரி எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடையுங்கள். தோல் உறையிலேயே போட்டு வைத்தால் இரும்பு துருப்பிடிக்கும், பித்தளைத் தோட்டாவில் பச்சை பூக்கும். தோட்டா உள்ளே இருக்கும்போது எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைக்கும் பொட்டுக்குள் எண்ணெய் இறங்கினால் அந்தத் தோட்டா வெடிக்காது. இடுப்பில் வைத்திருந்த தோட்டாவை வருஷம் ஒரு முறை அனுமதி பெற்ற ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியது போடுங்கள். ஓசூர் பக்கம் தோட்டத்தில் சுட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம்; பக்கத்துத் தோட்டத்திலிருந்து போலீஸுக்கு போன் போகும், லைசென்ஸும் சேர்ந்து போகும்.

நான் டாக்டர். இரவு கிளினிக் முடித்துத் தனியாக வருகிறேன். புடவையில் பெல்ட் எங்கே கட்டுவது? கைப்பையில் வைக்கலாம்தானே?
– ஒரு வாசகி, ஃப்ரேசர் டவுன்

வைக்கலாம், அம்மா. ஆனால் பையில் துப்பாக்கி வைக்கும் அறையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது, ஒரு ஹேர்பின்கூட. தனி ஜிப் அறை, அதற்குள் டிரிகரை மூடும் உறை, உறை பையோடு தைத்திருக்க வேண்டும். பையைத் தோளில் குறுக்காக மாட்டுங்கள். பை பறிப்பவன் பையோடு துப்பாக்கியையும் கொண்டுபோவான் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஓட்டை. ஓட்டல் நாற்காலியில் தொங்கவிட்டுக் கைகழுவப் போனால், அந்த நிமிஷம் அது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. தொலைந்தால் உடனே ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கிளினிக்கிலிருந்து வீடு இருபது நிமிஷம் என்றால், தெரிந்த ஆட்டோக்காரரை மாத வாடகைக்குப் பேசிவைப்பது இதைவிட உருப்படியான காவல் என்று சொல்லத் தோன்றுகிறது. மெட்ரோவில் வருவதானால் துப்பாக்கியோடு வாசலைத் தாண்ட முடியாது என்பதையும் யோசியுங்கள்.

கொடகு நண்பர், 'எங்களுக்கு லைசென்ஸே வேண்டாம்' என்கிறார். அவர் மூலம் ரிவால்வர் வாங்கலாமா?
– ஒரு வாசகர், ராமமூர்த்திநகர்

கூடாது. கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் (ஜம்மா என்பது கொடகின் பரம்பரை நில உரிமை) உள்ள அந்த விலக்கு, 2029 வரை நீட்டிக்கப்பட்டது, ரைஃபிளுக்கும் ஷாட்கன் வகை நீளத் துப்பாக்கிக்கும்தான். ரிவால்வர் அதில் வராது, உங்களுக்கு அவரால் மாற்றியும் தர முடியாது. பெங்களூருவில் லைசென்ஸ் கொடுப்பது இன்ஃபன்ட்ரி ரோட்டில் உள்ள போலீஸ் கமிஷனர் அலுவலகம். உயிருக்கு ஆபத்து என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்பார்கள்.

பிஸ்டலை வீட்டுக்கு வந்ததும் காலி செய்யும் சரியான முறை என்ன? சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.
– ஒரு வாசகர், ஸ்ரீராமபுரம்

ஒரே இடம், ஒரே வரிசை. பிள்ளைகள் இல்லாத ரூம், மணல் நிரப்பிய வாளி ஒன்று. குழல் அந்த வாளியைப் பார்க்க வேண்டும். முதலில் மேகசினைக் கழற்றி மேஜையில் வையுங்கள். பிறகுதான் ஸ்லைடை இழுங்கள். அறையில் இருந்த தோட்டா வெளியே விழும். ஸ்லைடைத் திறந்தே பிடித்து அறையைப் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் தடவிப் பாருங்கள். துப்பாக்கி சுவரில் போல்ட் அடித்த இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு பூட்டில். சாவி இரண்டும் ஒரே கொத்தில் வேண்டாம்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால் அறையில் இருந்த தோட்டா வெளியே விழும். கண் அதைப் பார்க்கும், மனசு 'காலி' என்று எழுதிக்கொள்ளும். ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளியிருக்கும். அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றினாலும் உள்ளே ஒன்று நிற்கிறது.