என் தமிழ் மெட்ராஸ்ல செல்லுமா அக்கா?

போன இதழ்ல நான் மொரீஷியஸ்லருந்து தனியா சென்னை போயிட்டு வந்ததை ஒரு ஓரமா நாலு வரி எழுதினேன், அவ்ளோதான், இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல அதைப் பத்தியே வந்திருக்கு. சமையல் கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, உங்க முறை அடுத்த மாசம்.

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 27 வயசு, ரோஸ் ஹில்ல இருக்கேன், ஆபீஸ் வேலை. சின்ன வயசுல அப்பா அம்மாவோட கோயில் டூர்ல தமிழ்நாடு போயிருக்கேன், பஸ் ஜன்னலும் செருப்பு விடுற இடமும் தவிர ஒண்ணும் ஞாபகம் இல்ல. இந்த டிசம்பர் லீவுல எட்டு நாள் சென்னைக்கு தனியா போகலாம்னு இருக்கேன். வீட்ல நாங்க கிரியோல்தான் பேசுறோம், என்னோடது ஸ்கூல்ல படிச்ச தமிழ், அங்க வாயத் திறந்தா சிரிப்பாங்களோன்னு பயமா இருக்கு. பேசாம இங்கிலீஷ்லயே சமாளிச்சிடலாமா?

பதில்: சிரிப்பாங்க தங்கச்சி. என்னைப் பார்த்தே சிரிச்சாங்க, நான் இங்க பசங்களுக்கு தமிழ் சொல்லிக் கொடுத்து ரிட்டையர் ஆனவ. முதல் நாள் காலைல மயிலாப்பூர்ல ஒரு ஓட்டல்ல போய் உக்காந்து "தம்பி, எனக்கு இரண்டு இட்டலி வேண்டும்"னு கேட்டேன், அந்த சர்வர் பையன் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துட்டு "அக்கா நியூஸ் வாசிக்கிறீங்களா?"ன்னு கேட்டான். அப்புறம் காபி கொண்டு வந்து வச்சான், டவரா டம்ளர்ல, எனக்கு அதை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியல, விரல் சுட்டுது, அவனே டம்ளரைத் தூக்கி டவராவுல ஊத்தி திரும்ப டம்ளர்ல ஊத்தி நுரையோட குடுத்தான், நான் நன்றி சொல்றதுக்கு நம்ம பழக்கத்துல "மெர்சி"ன்னுட்டேன். "ஓ, உங்க பேரு மெர்சியா அக்கா?" எட்டு நாளும் அந்த ஓட்டல்ல நான் மெர்சி அக்காதான், திருத்தப் பார்த்தேன், முடியல, விட்டுட்டேன்.

இந்த மாதிரி ஒண்ணு கூட எனக்கு முன்னாடி நடந்ததில்ல. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ குரூப்பா போயிருக்கேன், தண்ணி பாட்டில்லருந்து புடவை பேரம் வரைக்கும் எல்லாம் கைடு பேசிடுவாரு, நாங்க பஸ்ஸுக்குள்ள கிரியோல்ல அரட்டை அடிச்சிட்டு வந்தோம், தமிழ் சொல்லிக் கொடுக்குற நான் தமிழ்நாட்ல பத்து வாக்கியம் தமிழ் பேசாம திரும்பி வந்திருக்கேன்னா பாத்துக்கோங்க. தனியா போனா அந்த வசதி இல்ல, தாகம் எடுத்தா நாமதான் கேக்கணும். நீங்க தனியா போறதுல எனக்குப் பிடிச்சதே அதுதான், அதனால இங்கிலீஷ் யோசனைய விடுங்க. இங்கிலீஷ்ல பேசினா என் அனுபவத்துல ஆட்டோ ரேட் கொஞ்சம் ஏறவும் செய்யுது.

வேண்டும்னு சொல்லாம வேணும்னு சொல்லுங்க, எங்கே இருக்கிறதுன்னு இழுக்காம எங்க இருக்குன்னு கேளுங்க, மூணாவது நாள் நாக்கு தானா வளைஞ்சிடும். வலது இடதுன்னு சொன்னா ஆட்டோக்காரருக்கு அரை செகண்ட் ஆகுது, ரைட்டு லெப்டுன்னா உடனே திருப்புறாரு. "சிலோனா?"ன்னு எல்லாரும் கேப்பாங்க, மொரீஷியஸ்னு சொன்னா அது எங்க இருக்குன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குன்னே பர்ஸ்ல நம்ம நூறு ரூபா நோட்டு ஒண்ணு வச்சுக்கோங்க. நான் ஒரு ஆட்டோ அண்ணன்கிட்ட காட்டினேன், அவர் வண்டிய ஓரமா நிறுத்திட்டு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு, "என்னம்மா தமிழ்ல போட்டிருக்கான்!" அதுல இருக்குற ரெங்கநாதன் சீனிவாசன் படத்தைக் காட்டி இவரும் நம்மாளுதான், அந்தக் காலத்து பெரிய அரசியல்வாதின்னு சொன்னேன். 1998-ல நோட்டுல தமிழை ஹிந்திக்குக் கீழ தள்ளிட்டாங்கன்னு நம்ம ஆளுங்க சண்டை போட்டதும், அரசாங்கம் அந்த நோட்டையே வாபஸ் வாங்கினதும் சொன்னேன். பேசின காசுல இருபது ரூபா குறைச்சுக்கிட்டாரு. எல்லாருக்கும் குறைப்பாங்கன்னு நான் கேரண்டி குடுக்கல!

எட்டு நாள்ல காஞ்சிபுரம் மகாபலிபுரம் திருப்பதி எல்லாம் சேக்காதீங்க, அப்புறம் திரும்பவும் பஸ் ஜன்னல்தான். மயிலாப்பூர் இல்லன்னா எழும்பூர் பக்கம் ரூம் போடுங்க. முதல் ரெண்டு நாள் கபாலி கோயில் மாட வீதி நாலையும் காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ சும்மா சுத்துங்க, பூக்காரம்மாவுக்கு முகம் பழகிடும், அது ஒரு தைரியம். டிசம்பர்ல போறீங்க, மழை கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், ஆனா மார்கழி கச்சேரி சீசன், பல சபாவுல பகல் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது, சபா கேன்டீன் சாப்பாடு தனிக் கதை.

கோட்டைக்கு ஒரு நாள் ஒதுக்குங்க. புனித ஜார்ஜ் கோட்டை. 1639-ல இங்கிலீஷ்காரன் இடம் வாங்கின நாள்லருந்துதான் மெட்ராஸுக்கு வயசு கணக்கு பண்றாங்க. நமக்கு அதுல ஒரு தனி சம்பந்தம் இருக்கு, போர்ட் லூயிஸ்ல பிளாஸ் தார்ம்ல கடலைப் பார்த்து சிலையா நிக்கிறாரே நம்ம தீவோட பழைய பிரெஞ்ச் கவர்னர் லாபூர்தொனே, பாண்டிச்சேரிலருந்து நம்ம ஆளுங்களைக் கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் தீவுக்குக் கூட்டிட்டு வந்தவர், அவரேதான் 1746 செப்டம்பர்ல கப்பல் படையோட போய் இந்தக் கோட்டையப் பிடிச்சாரு. 1749-ல திரும்ப இங்கிலீஷ்காரன் கைக்குப் போயிடுச்சு. தினமும் அந்த சிலைய தாண்டி பஸ்ஸுக்கு ஓடின எனக்கு அந்தக் கோட்டை வாசல்ல நிக்கும்போது ஒரு மாதிரி இருந்துச்சு, நம்ம ஊர்க்காரன் செஞ்ச வம்பைப் பார்க்க வந்த மாதிரி. உள்ள 1680-ல கட்டின செயின்ட் மேரீஸ் சர்ச் இருக்கு, மியூசியம் இருக்கு. இப்ப சட்டசபையும் தலைமைச் செயலகமும் அங்கதான், அதனால வாசல்ல செக்கிங் உண்டு, பாஸ்போர்ட் கையில இருக்கட்டும். வெள்ளிக்கிழமை போகாதீங்க, மியூசியம் லீவு, எழும்பூர் மியூசியமும் அன்னைக்கு லீவு. டிக்கெட் கவுன்டர்ல நம்ம முகத்தைப் பார்த்து உள்ளூர் டிக்கெட் கிழிப்பாங்க, நமக்கு வெளிநாட்டு ரேட், சொல்லி வாங்கிடுங்க, உள்ள போய் மாட்டிக்கிட்டு முழிக்க வேண்டாம்.

கேள்வி: ரூம் முன்னாடியே புக் பண்ணணுமா, போய் பார்த்துக்கலாமா? கையில காசு எப்படி வச்சுக்கிறது? (வாக்வா வாசகர்)

பதில்: போய் பார்த்துக்கலாம்னுதான் நானும் போனேன். ராத்திரி ஒன்பது மணி, கையில பெட்டி, ஒரு சின்ன லாட்ஜ் வாசல்ல நல்லா தமிழ்ல பேசுறாரு மேனேஜர், ரூம் இருக்குன்றாரு, ஆதார் குடுங்கன்றாரு. பாஸ்போர்ட்டை நீட்டினேன், முகம் மாறிடுச்சு. "பாரினர் எடுக்கிறதில்லம்மா." நான் தமிழ்தாங்கன்னு சொன்னேன். "நீங்க தமிழ்தாம்மா, பாஸ்போர்ட் தமிழ் இல்லையே"ன்னாரு, அதுக்கு என்ன பதில் சொல்றது? பக்கத்து லாட்ஜ்லயும் அதே, மூணாவது இடத்துலதான் கிடைச்சுது. காரணம் என்னன்னா வெளிநாட்டுக்காரங்க தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள ஒரு ஃபார்ம் (நான் போனப்ப அதுக்கு ஃபார்ம் சி-ன்னு பேரு) அவங்க ஆன்லைன்ல பதியணும், சின்ன லாட்ஜ்காரங்க அந்த வேலையே வேண்டாம்னு விட்டுடுறாங்க. அதனால புக் பண்ணும்போதே வெளிநாட்டு பாஸ்போர்ட், அந்த ஃபார்ம் போடுவீங்களான்னு எழுதிக் கேட்டு பதிலை வச்சுக்கோங்க.

காசு பெருசா கஷ்டம் இல்ல. அங்க இளநி வண்டில கூட க்யூஆர் கோடு ஒட்டியிருக்கு, நான் சில்லறை நோட்டை வச்சே ஓட்டினேன், ஐந்நூறை நீட்டினா எல்லாரும் உதட்டைப் பிதுக்குவாங்க. நான் போனப்ப நம்ம ஒரு ரூபா அங்க ரெண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி, கடைல மனசுக்குள்ள பாதியாக்கி கணக்குப் போட்டு கொஞ்சம் ஏமாந்தேன். சிம் கார்டுக்கு பாஸ்போர்ட், விசா காப்பி, போட்டோ கேப்பாங்க, உடனே ஆக்டிவேட் ஆகும்னு இல்ல, மேப்பை இங்கயே டவுன்லோட் பண்ணிட்டுப் போங்க. சார்ஜர்ல நம்ம பிரெஞ்ச் ரெண்டு முள்ளு பிளக் அங்க நுழையும், மூணு சதுர முள்ளு நுழையாது. ஏர்போர்ட் வாசல்லயே மெட்ரோ இருக்கு, சென்ட்ரல் வரைக்கும் ஒரே வண்டி. அப்புறம் பொம்பளைங்களுக்கு ஒரு சந்தோஷம், நான் போனப்ப சாதா டவுன் பஸ்ல பெண்களுக்குக் காசு கிடையாது, நம்ம ஊர்ல வயசானவங்களுக்கு ப்ரீ மாதிரி அங்க 2021-லருந்து பெண்களுக்கு. ஆம்பளைங்க இடது பக்க சீட்ல உக்காந்துடாதீங்க, அது லேடீஸ் சீட், எழுப்பி விட்டுடுவாங்க.

கேள்வி: என் வயசு 66, கத்ர் போர்ன். எங்க தாத்தாவோட அப்பா மெட்ராஸ்லருந்து கப்பல் ஏறினவர். அந்த இடத்துல ஒரு தடவ தனியா போய் நிக்கணும்னு ஆசை. எங்க போய் நிக்கிறதுன்னு சொல்லுங்கம்மா.

பதில்: ஐயா, இதைத்தான் நானும் தேடிட்டுப் போனேன். அவர் எந்த வருஷம் போனார்னு தெரிஞ்சா நல்லது, ஏன்னா 1870-கள் வரைக்கும் மெட்ராஸுக்கு துறைமுகம்னே ஒண்ணு கிடையாது. கப்பல் தூரத்துல கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும், கரைலருந்து மசூலா படகுல ஏத்தி அலையத் தாண்டி கொண்டு போவாங்க. அந்தப் படகுல ஆணியே இல்ல, பலகைய கயித்தால தைச்சது, ஆணி அடிச்ச படகு அந்த அலைல மோதினா பொளந்துடும், தைச்சது வளைஞ்சு குடுக்கும். ஊரை விட்டே வெளிய வராத ஆளுங்க, மூட்டையோட அதுல உக்காந்து நனைஞ்சுகிட்டே போயிருப்பாங்க. போர்ட் லூயிஸ்ல கூலி வேலைக்கு வந்தவங்க கரையேறின நம்ம ஆப்ரவாசி காட் படிக்கட்டைத்தான் நாம பேசுறோம், அவங்க இறங்கின படிக்கட்டு அங்க இல்ல, வெறும் மணல்தான்.

அந்த மணலும் இப்ப இல்ல. சென்னை பீச்சுன்னு ஒரு ரயில் ஸ்டேஷன் இருக்கு, அங்க இறங்கினா பீச்சே இருக்காது, எல்லாரும் கேலி பண்ணுவாங்க. துறைமுகம் கட்டினப்புறம் மண்ணு சேர்ந்து கடல் தள்ளிப் போயிடுச்சு. அந்த ஸ்டேஷன் வாசல்ல ராஜாஜி சாலை ஓரமா நில்லுங்க, பழைய கடற்கரைத் தெரு அதுதான். துறைமுகத்துக்குள்ள சும்மா விட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை போங்க, மத்த நாள்ல லாரி சத்தத்துல தாத்தாவை நினைக்க முடியாது.

அங்கருந்து நடக்குற தூரத்துல ஜார்ஜ் டவுன். ஒரு தெருவுல பேப்பரும் கல்யாணப் பத்திரிகையும், இன்னொண்ணுல பாசி மணி, அடுத்ததுல வேற, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. ஆர்மீனியன் ஸ்ட்ரீட்னு ஒண்ணு இருக்கு, ஆர்மீனியாக்காரங்க 1772-ல கட்டின சர்ச் அதுல இன்னும் இருக்கு, ஆனா தமிழ்ல அந்தத் தெரு பேரு அரண்மனைக்காரத் தெரு! அரண்மனை எதுவும் கிடையாது, ஆர்மீனியன் வாயில வராம அரண்மனை ஆயிடுச்சு. நம்ம முத்துசாமி ரிஜிஸ்டர்ல மூட்டூசாமி ஆனதுக்கு இது பழிக்குப் பழின்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி மோக்காவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட் ஆவணக் காப்பகத்துல ஒரு தடவ கேளுங்க, அவர் பேரு, அப்பா பேரு, கிராமம், கப்பல் எல்லாம் பதிவுல கிடைக்கலாம், சிலருக்கு போட்டோவே கிடைச்சிருக்கு. கிராமம் பேரு கிடைச்சா அந்த எழுத்தை வாய் விட்டு நாலு விதமா படிச்சுப் பாருங்க, எழுதினவன் காதுல விழுந்த மாதிரிதான் எழுதியிருப்பான். மெட்ராஸ்ல போய் முதல்ல தேட ஆரம்பிச்சா ஒரு வாரம் பத்தாது.

கேள்வி: காவடி எடுக்குறவன் நான், சென்னைல ஒரே ஒரு முருகன் கோயில்னா எது? (போர்ட் லூயிஸ் வாசகர்)

பதில்: வடபழனின்னு எல்லாரும் சொல்வாங்க, மெட்ரோவும் இருக்கு. என்னைக் கேட்டா பாரிமுனை பக்கம் ராசப்ப செட்டி தெருவுல இருக்குற கந்தகோட்டம். வள்ளலார் சின்ன வயசுல பாடின சந்நிதி. பஜார் கூச்சலுக்கு நடுவுல திடீர்னு குளத்தோட உள்ள இருக்கும்.

கேள்வி: என் பொண்ணு தனியா சென்னை போறேன்னு நிக்கிறா. நான் அழுதும் கேக்கல. எப்படித் தடுக்கிறது? (பேர் வேண்டாம், ரோஸ் ஹில்)

பதில்: ரோஸ் ஹில்லா? மேல முதல் கேள்விய ஒரு தடவ படிச்சுப் பாருங்கம்மா, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

தடுக்க என்கிட்ட வழி இல்ல, உங்க நிம்மதிக்கு சிலது சொல்றேன். அவ தங்குற இடத்தோட அட்ரஸும் போன் நம்பரும் பேப்பர்ல எழுதி வாங்கி பிரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. மின்சார ரயில்ல லேடீஸ் பெட்டி தனியா இருக்கு, அதுல ஏறச் சொல்லுங்க. ராத்திரி ஒன்பதரைக்குள்ள ரூமுக்கு வந்துடணும்னு பேசி வச்சுக்கோங்க, அவசரம்னா 112, பெண்களுக்கு 181. அங்க நம்மளவிட ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஓடும், அங்க ஒன்பதரைன்னா இங்க எட்டு, நீங்க சாப்பாட்டுக்கு உக்காருற நேரம், அப்ப ஒரு போன். அதுக்கு நடுவுல பத்து தடவ கூப்பிடாதீங்க, அவ யார்கிட்டயாவது வழி கேட்டுட்டு நிப்பா, போனை எடுத்தா கிரியோல்ல பேச ஆரம்பிச்சுடுவா. ஏர்போர்ட்ல அழணும்னா அழுங்க, எங்க அம்மா நான் அம்பத்தெட்டு வயசுல போனப்பவும் அழுதாங்க. ஆனா அவ திரும்பி வர்ற அன்னைக்கு நீங்க தமிழ்ல ஏதாவது கேளுங்க, இட்லி எப்படி இருந்துச்சுன்னாவது.