குதிரைக்குட்டி கன்றுக்குட்டியன்று: வாசகர் கேள்விகளும் மிருக வைத்தியரின் பதில்களும்

பசு, ஆடு, கோழி பற்றிய கடிதங்களே இப்பகுதிக்கு வழமையாக வருவன. சென்ற இதழில் பெண்குதிரையின் சினைக்காலம் குறித்து ஒரு பத்தி எழுதப்போக, இம்முறை குதிரைக் கடிதங்களே ஒரு கட்டு வந்து சேர்ந்துவிட்டன. குதிரைமுகம் நீங்கிய சோழ இளவரசியின் கதையால் மாவிட்டபுரம் என்று ஓர் ஊருக்கே பெயர் வைத்திருக்கிறோம்; ஆயினும் நம்மவர் கைவைத்துப் பழகிய விலங்கு மாடுதான். வந்த கடிதங்கள் அனைத்திலும் அந்த மாட்டறிவு தெரிகிறது. பாதி இடங்களில் அது உதவுகிறது, மீதி இடங்களில் குட்டிக்கு வினையாக முடிகிறது.

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர்: எமது வளவில் இரண்டு பெண்குதிரைகள் உள்ளன. ஒன்று பத்து மாதச் சினை. பசுக்கள் ஈன்றபோது பலமுறை உடனிருந்திருக்கிறேன். குதிரைக்கென்று வேறு ஆயத்தம் வேண்டுமா, ஐயா?

பதில்: வேண்டும். குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 340 நாட்கள். ஆனால் 320 நாளில் ஈன்றதும் உண்டு, ஒரு வருடத்தை எட்டியதும் உண்டு; ஆகவே நாட்காட்டியை மட்டும் நம்பியிராது மடியைப் பாருங்கள். ஈனுவதற்கு இரண்டு தொடக்கம் நான்கு கிழமைகளுக்கு முன்னர் மடி நிறையும். கடைசி ஓரிரு நாட்களில் காம்பின் நுனியில் மெழுகுபோன்ற துளி கட்டும். பெரும்பாலான குதிரைகள் இரவிலேயே, ஆள் அசைவு அடங்கிய பின்னரே ஈனும் என்பதால், தூரத்தில் இருந்து பார்க்கக்கூடிய இடத்தில் படுத்துக்கொள்ளுங்கள். ஏற்புவலித் தடுப்பூசியைத் தாய்க்கு ஈனுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர் போடுவித்தால், அதன் பலன் ஈன்றவுடன் சுரக்கும் கடும்புப்பாலின் வழியாகக் குட்டிக்கும் போய்ச் சேரும். குதிரைக்கு ஏற்புவலி மிக எளிதில் வருவதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பசுவின் பிரசவம் ஆறுதலானது. குதிரையின் பிரசவமோ வேகமானது. பன்னீர்க்குடம் உடைந்தபின் இருபது, முப்பது நிமிடங்களுக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். அரை மணித்தியாலம் கடந்தும் வராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மிருக வைத்தியரை அந்த நேரத்திலேயே எழுப்ப வேண்டும். முதலில் வெளித்தெரியும் பை வெண்மையாகவும் பளபளப்பாகவும் இருப்பதே இயல்பு. அதற்குப் பதிலாகச் சிவந்த, வெல்வெட் துணிபோன்ற பை தெரிந்தால், நஞ்சுக்கொடி முன்கூட்டியே கழன்றுவிட்டது, குட்டிக்கு மூச்சுக்காற்று நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். வைத்தியர் வரும்வரை பொறுக்க அப்போது நேரம் இல்லை. பையை உடனே கிழித்து, தாய் முக்கும்போது குட்டியை மெதுவாக இழுத்தெடுக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

குட்டி விழுந்தவுடன் கத்தியோடு ஓடி வந்து கொப்பூழ்க்கொடியை வெட்ட வேண்டாம். தாய் எழும்பும்போதோ குட்டி துள்ளும்போதோ அது தானாகவே அறும். அறுந்த முனையை குளோரெக்சிடின் என்னும் கிருமிநாசினியின் நீர்த்த கரைசலில் தோய்த்துவிடுங்கள். கடும் அயடின் தோலைப் பொசுக்கிவிடும். அதன் பின்னர் மணிக்கூட்டைப் பாருங்கள். குட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும். இரண்டுக்குள் பால் குடிக்க வேண்டும். தாய் மூன்றுக்குள் இளங்கொடியை, அதாவது நஞ்சுக்கொடியை, போட வேண்டும். பசு இளங்கொடி போடாவிட்டால் நாம் மறுநாள்வரை பொறுப்பதுண்டு. போட்டதும் அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவதோடு கதை முடியும். குதிரையில் அந்தப் பொறுமை ஆபத்தானது. உள்ளே தங்கிய ஒரு சிறு துண்டுகூடக் கருப்பையை அழுகவைத்து, குளம்பு அழற்சியை உண்டாக்கி, தாயை நிரந்தரமாக நொண்டியாக்கிவிடலாம். ஆகவே விழுந்த இளங்கொடியை நிலத்தில் விரித்து, அது முழுமையாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே அப்புறப்படுத்துங்கள்.

கடும்புப்பாலின் அருமை மாடு வளர்த்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குதிரைக்குட்டியும் கன்றைப்போலவே நோயெதிர்ப்புச் சக்தி எதுவும் இல்லாமல்தான் பிறக்கிறது. கடும்புப்பாலிலிருந்து அந்தச் சக்தியை உறிஞ்சும் அதன் குடலின் வாசல் முதல் நாளோடு மூடிவிடுகிறது. கறுத்துப் பிசுபிசுத்த முதல் மலம் ஒரு நாளுக்குள் கழியாமல் குட்டி வாலைத் தூக்கி முக்கிக்கொண்டு நின்றால், அதற்கும் வைத்தியர் தேவை.

கோப்பாயிலிருந்து ஒரு வாசகி: எங்கள் குட்டிக்கு மூன்று கிழமை. தாயின் சாணத்தைத் தின்கிறது. மாமியார் பூச்சி என்கிறார், கணவர் பசி என்கிறார்.

பதில்: இருவரும் பயப்படத் தேவையில்லை. புல்லைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்களைக் குட்டி தாயின் சாணத்திலிருந்தே பெற்றுக்கொள்கிறது. சில மாதங்களில் இப்பழக்கம் தானாகவே நிற்கும். பூச்சி மருந்தை இரண்டு மாத வயதில், நிறைக்கேற்ற அளவில் தொடங்கினால் போதும்.

அச்சுவேலியிலிருந்து ஒரு வாசகர்: பத்து வருடங்களாகப் பால்மாடு வளர்க்கிறேன். இப்போது ஒரு குதிரையும் நான்கு மாதக் குட்டியும் உள்ளன. மாட்டுக்குப் போடும் தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, மீதமாகும் கோழித்தீன் ஆகியவற்றையே குட்டிக்கும் தாராளமாகக் கொடுக்கிறேன். குட்டி நன்றாகக் கொழுத்திருக்கிறது, ஆனால் முன்கால் மூட்டுகள் வீங்கியதுபோல் தெரிகின்றன. காரணம் என்ன?

பதில்: கோழித்தீனை இந்த வரியை வாசித்து முடிப்பதற்குள் நிறுத்திவிடுங்கள். இரத்தக்கழிச்சலைத் தடுப்பதற்காகக் கோழித்தீனில் சேர்க்கப்படும் மொனென்சின் போன்ற மருந்துகள், கோழியும் மாடும் தாங்கும் அளவிலேயே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துவிடும். அந்த நஞ்சை முறிக்க மருந்து கிடையாது. குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. உள்ளே போனது போனதுதான். மாட்டுக்கென்று சாக்கில் வரும் கலப்புத் தீவனங்கள் சிலவற்றிலும் இம்மருந்து இருக்கக்கூடும் என்பதால், சாக்கில் ஒட்டியிருக்கும் விபரத்தை வாசிக்காமல் எதையும் கொட்ட வேண்டாம்.

மூட்டு வீக்கத்துக்கு வருகிறேன். வளரும் குட்டியின் தீனில் கல்சியம் பொசுபரசை விடக் கூடுதலாக, ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். தவிட்டில் கணக்குத் தலைகீழ்: பொசுபரசு கல்சியத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். தவிட்டையே முக்கிய தீனாக நாளாந்தம் உண்ணும் குதிரையின் உடல், குறைந்த கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே கடன் வாங்கும். காலப்போக்கில் முகவெலும்பு உப்பும், நடை நொண்டும். இதற்கு மேலாக, குட்டி வேகமாகக் கொழுக்கும்போது நிறை கூடுகிறது, அதைத் தாங்க வேண்டிய மூட்டோ இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. தாங்கள் பெருமைப்படும் அந்தக் கொழுப்பு நோயின் ஒரு பகுதி என்பதே என் அபிப்பிராயம். விலாவெலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கைக்குத் தட்டுப்படும் அளவே குட்டிக்கு நல்ல உடம்பு.

முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குத் தாய்ப்பாலும், தாயோடு சேர்ந்து கொறிக்கும் புல்லும் போதும். தீன் போட வேண்டியது பால் சுரக்கும் தாய்க்கே. அதன்பின் குட்டிக்கு அளந்து போடுங்கள். ஊறவைத்து அவித்த கொள்ளு சிறிதளவு, நல்ல காய்ந்த புல் தாராளமாக, வைத்தியர் குறித்துத் தரும் தாதுப்பொடி, எப்பொழுதும் நல்ல தண்ணீர். கிணறு உவராகும் கோடை மாதங்களில் தாய் தண்ணீரைக் குறைத்தால் பாலும் குறையும் என்பதை மறக்க வேண்டாம். குட்டியின் கால்களை வைத்தியரிடம் இக்கிழமையே காட்டுங்கள். வேலியோரத்து அலரியையும் ஆமணக்கையும் வெட்டிவிடுங்கள்; இரண்டும் குதிரைக்கு நஞ்சு. முள்ளுக்கம்பி வேலியை ஓடித்திரியும் குட்டி கண்டுகொள்வதில்லை. அதன் உட்புறம் பனைமட்டையை நெருக்கி அடைத்தால் நெஞ்சுக் காயங்களைத் தவிர்க்கலாம்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: எமது ஆண்குட்டிக்கு ஐந்து மாதம். பிள்ளைகள் கையால் பழம் ஊட்டி, செல்லமாக வளர்த்தார்கள். இப்பொழுது கடிக்கிறது, மகன் மீது முன்காலைத் தூக்கிப் போடுகிறது. கன்றைப்போலக் கட்டையில் கட்டினால் அடங்கும் என்கிறார் அப்பா. எப்பொழுது ஏறலாம் என்றும் மகன் கேட்கிறான்.

பதில்: கட்டையில் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் என் பெயரால் சொல்லுங்கள். கன்று கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்துவிடும்; குதிரையோ ஓடித் தப்பிப் பிழைத்த இனம். ஓட வழியில்லை என்று உணர்ந்த குட்டி கழுத்து முறியும்வரை இழுக்கும். நானும் ஒரு பிழை செய்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அடிக்கடி மாட்டிக் கழற்றும் சிரமத்தைத் தவிர்க்க, ஒரு குட்டிக்கு நைலோன் முகக்கயிற்றை இரவிலும் விட்டுவிடும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிச் சென்றேன். காது சொறியத் தூக்கிய பின்காலின் குளம்பு கயிற்றில் மாட்டிக்கொள்ள, காலையில் அக்குட்டியை எழுப்ப இயலவில்லை. முகக்கயிறு பாடம் நடக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டுமே உரியது.

பழக்குதல் குட்டியிலிருந்து அல்ல, தாயிலிருந்தே தொடங்குகிறது. பிரான்சில் 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஈன்றபின் முதல் ஐந்து நாட்களில் நாளுக்குக் கால் மணித்தியாலம் தாயை மட்டும் மெதுவாகத் தேய்த்து, கையால் தீன் கொடுத்தார்கள், குட்டியைத் தொடவேயில்லை. அக்குட்டிகள் மற்றக் குட்டிகளை விட மனிதரை எளிதில் அணுகின, அந்நட்பு ஒரு வயதிலும் நீடித்தது. பிறந்த குட்டியைப் பிடித்து அமுக்கிப் பழக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

தங்கள் குட்டிக்கு அந்த வயது கடந்துவிட்டது. ஆனாலும் காலம் போய்விடவில்லை. கையால் ஊட்டுவதை இன்றே நிறுத்தி, பழத்தைச் சட்டியில் போடுங்கள். கை என்றால் தின்பண்டம் என்று கற்றுக்கொண்ட குட்டி கையைக் கடிப்பதில் வியப்பில்லை. கடித்ததற்காக முகத்தில் அடித்தால் தலையைச் சுண்டி இழுக்கும் பழக்கம்தான் மிஞ்சும். மகன் மீது காலைப் போடுவது பகையன்று, விளையாட்டு. மந்தையில் வளர்ந்திருந்தால் இன்னொரு குட்டியோடு விளையாடியிருக்கும், எல்லை மீறியபோது பெரிய குதிரை திருத்தியிருக்கும். எனவே பெரியவர் ஒருவர் உறுதியாக நெஞ்சில் கைவைத்து ஓரடி பின்னே தள்ளி, அது பின்வாங்கிய கணமே கையை எடுத்துவிட வேண்டும். அந்தக் கையெடுப்புத்தான் குதிரைக்குப் புரியும் பாராட்டு. நடக்கப் பழக்கும்போதும் முன்னே இழுக்காமல், மென்மையான கயிறொன்றைப் பின்தொடையைச் சுற்றிவிட்டு, பின்னாலிருந்து தூண்டுங்கள். ஓரடி வைத்தால் கயிறு தளரட்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். அதற்குள் நான்கு குளம்புகளையும் ஒருமுறை தூக்கி வைக்கவும் பழக்கினால், குளம்பு சீவ வருபவர் உங்களை வாழ்த்துவார்.

பால் மறக்கடிக்க இதுவே வயது. ஆனால் ஒரே நாளில் பிரித்து இருட்டுக் கொட்டிலில் அடைக்காமல், வேலிக்கு மறுபுறம் தாய் தெரியும்படியும் பக்கத்தில் ஓர் ஆடாவது துணையிருக்கும்படியும் விடுங்கள். மகனுக்கு ஏமாற்றமான பதில்தான் உண்டு. முழங்காலின் வளர்தட்டுகள், அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதிகள், இரண்டரை வயதளவிலும், முதுகெலும்பின் தட்டுகள் ஐந்து வயதுக்குப் பின்னருமே மூடுகின்றன. மூன்று வயதுக்கு முன்னர் சேணமிட்டு ஏறுவதை நான் அனுமதிப்பதில்லை. அதுவரை அவன் பக்கத்தில் நடக்கட்டும்.

வேலணையிலிருந்து ஒரு வாசகர்: நெடுந்தீவில் அலையும் குதிரைக்குட்டிகளில் ஒன்றைக் கொண்டுவந்து வளர்க்க முடியுமா?

பதில்: முடியாது. அக்குதிரைகளைத் தீவுக்கு வெளியே கொண்டுசெல்லத் தடை உண்டு, தீவின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. ஐரோப்பியர் காலத்தில் வளர்க்கப்பட்டு, பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் பெருக்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை. பழைய லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. மனிதர் கை படாமல் பல தலைமுறை கண்டதால், பிடித்த குட்டி பயத்தாலேயே தீன் தண்ணீர் எடுக்காமல் போகலாம்.

ஆனால் குட்டி வளர்ப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. குறிகாட்டுவானிலிருந்து காலைப் படகில் புறப்பட்டு, தெற்குப் புறத்து வெளியில் தூரத்தே அமர்ந்து, ஒரு தாய் தன் குட்டியை எத்தனை முறை பாலுக்கு விடுகிறது, எப்பொழுது காதை மடக்கித் தடுக்கிறது என்று பாருங்கள். குடிதண்ணீர் கொண்டு போங்கள். குதிரைகளுக்கு எதையும் ஊட்ட வேண்டாம்.